சிப்பியின் கடைசிக் காது

சிப்பியின் புதிய பதிப்பு வெளியாகும்போதெல்லாம் ஜெசிந்தாவுக்கு உலகத்திலிருந்து ஒரே ஒரு பதில்தான் வரும். அமராவதி அணைப் பக்கமிருந்து வரும். எழுதுகிறவர் பெயர் நாச்சிமுத்து.

“மதகு தொறந்தாச்சுங்க. தண்ணி விழுகற சத்தம் போன தடவை மாதிரியே கேக்குது. மயில் அகவுனா மட்டும் தகரத்தைச் சொரண்டற மாதிரி இருக்குது. மத்தபடி குறையில்லீங்க.”

ஜெசிந்தா தூத்துக்குடித் துறைமுகத்தில் பளுதூக்கும் இயந்திரங்களை இயக்கும் கணினி நிரல்களைக் கவனிக்கும் வேலையில் இருந்தாள். குரூஸ்புரத்தில் மாடி வீடு. தனிக்கட்டை. வேலை முடிந்து வந்து, குளித்து, மீன் குழம்பைச் சூடு பண்ணி வைத்துவிட்டு, இந்தப் பதிலைத்தான் முதலில் படிப்பாள். மயில் விஷயத்தை எடுத்துக்கொண்டு சில நாட்கள் மல்லுக்கட்டுவாள். சரியாகிவிட்டது என்று தோன்றியதும் அடுத்த பதிப்பை வெளியிடுவாள். ஒவ்வொரு பதிப்புக்கும் கீழே ஒரு வரி சேர்ப்பது அவள் வழக்கம்: ‘இந்தத் தடவை உங்களுக்கு என்னென்ன கேட்டது? எழுதுங்கள்.’

சிப்பி என்பது காது கேளாதவர்களுக்கான நிரல். காதுக்குள்ளே அறுவை செய்து மெல்லிய கம்பி ஒன்றை வைப்பார்கள். காதுக்குப் பின்னால் சின்னதாக ஒரு பெட்டியை மாட்டுவார்கள். பெட்டி வெளியுலகத்துச் சத்தத்தை வாங்கும்; அதற்குள் ஓடும் நிரல் அதைத் துடிப்புகளாக மாற்றிக் கம்பிக்கு அனுப்பும். கம்பி நரம்பைத் தொடும். அப்படித்தான் அவர்கள் கேட்பார்கள். ஜெசிந்தாவின் தம்பி லம்பர்ட்டும் அப்படித்தான் கேட்டான். ஒருநாள் அந்தப் பெட்டியைச் செய்த நிறுவனம் திவாலாகி இழுத்து மூடியது. அதன் நிரலும் அதோடு நின்றது. சாப்பிட்டுக்கொண்டிருந்த லம்பர்ட் கையைக் காதில் வைத்தபடி அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது ஜெசிந்தாவுக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது.

அப்போதுதான் பல ஊர்களிலிருந்து முகம் தெரியாத சிலர் ஒன்றுகூடி, யாருக்கும் சொந்தமில்லாத, எவரும் எடுத்துக்கொள்ளக்கூடிய ஒரு நிரலை எழுதினார்கள். ஜெசிந்தாவும் அதில் சேர்ந்தாள். பெயர் வைத்தது அவள்தான். காதடைத்துப் போனவர்களுக்கெல்லாம் மறுபடி சத்தம் வந்தது. காதுக்குள் இருக்கும் கம்பி பெரும்பாலும் ஆயுசுக்கும் இருக்கும். வெளிப்பெட்டி மட்டும் பழசாகும். புதுப் பெட்டி புதுச் சில்லோடு, அதாவது புது ‘சிப்’போடு, வரும். ஒவ்வொரு புதுச் சில்லிலும் சிப்பியை ஓடவைக்க வேண்டும். அந்த வேலையைச் செய்ய ஆரம்பத்தில் நிறையப் பேர் இருந்தார்கள். ஒருவருக்குக் குழந்தை பிறந்தது, ஒருவருக்கு வேறு வேலை கிடைத்தது, ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் எழுதுவதை நிறுத்தினார். லம்பர்ட் ஆக்லாந்துக்குப் போய் நவீன சிகிச்சை எடுத்துக்கொண்டான். அது அவளுக்குத் தெரிந்த விதம்தான் வேடிக்கை. புதுப் பதிப்பு எப்படி இருக்கிறது என்று ஃபோனில் கேட்டபோது, “அத மாத்தி எவ்வளவோ நாளாச்சேக்கா. நான் சொல்லலியா?” என்றான்.

கடைசியில் நிரல் எழுதுபவளாக அவளும், பதில் சொல்பவராக நாச்சிமுத்துவும் மிஞ்சினார்கள்.

செவிக்கருவி வாரியத்திலிருந்து நஸ்ரின் என்ற இளம் அதிகாரி கூப்பிட்டது அந்தச் சமயத்தில்தான்.

“மேடம், உங்க சிப்பியில ‘ச’, ‘ஸ’ மாதிரி சத்தமெல்லாம் கொஞ்சம் லேட்டா, கொஞ்சம் தடிப்பா போகுதுன்னு டெஸ்ட் ரிப்போர்ட் சொல்லுது. அது தப்புதானே?”

“தப்புதாம்மா. மொதல்ல எழுதும்போதே விழுந்த தப்பு.”

“அப்போ சரி பண்ணிடலாமே?”

“ஒரு தடவ பண்ணுனோம். எல்லாரும் சந்தோசப்படுவாங்கன்னு நெனச்சோம். அன்னைக்கு முழுக்க ஏச்சும் அழுகையுமா வந்துச்சு. எம் பொண்டாட்டி எங்கன்னு ஒருத்தர் கேட்டாரு. பக்கத்துலதான் நிக்காங்க, பேசுதாங்க. ஆனா அது அவங்க குரல் இல்ல. அவங்க மூளை அந்தத் தப்போடதானம்மா கேக்கப் படிச்சிருக்கு. நாம சரி பண்ணுனா அவங்களுக்கு வீட்டு மனுசங்க எல்லாரும் அந்நியமாயிருவாங்க. அன்னைக்கே தப்பத் திருப்பி வச்சிட்டோம்.”

“அப்போ இத்தனை வருஷமா நீங்க பாதுகாத்துட்டு வர்றது அந்தத் தப்பைத்தான்.”

“ஆமா. ஒரு முடி மாறாம.”

“எத்தனை பேர் யூஸ் பண்றாங்க மேடம்?”

“தெரியாது. சிப்பி யாரையும் வேவு பாக்காது. அப்படித்தான் எழுதுனோம். தானா யாராவது எழுதுனாத்தான் உண்டு.”

“எழுதறவங்க?”

“ஒருத்தர்.”

“ஒருத்தர் போதும். யாராவது ஒருத்தர் பயன்படுத்தறேன்னு எழுதிட்டே இருந்தா சிப்பி எங்க வாரியத்து லிஸ்ட்ல இருக்கும், புதுப் பெட்டிகள்ல ஓடும். யாருமே இல்லைன்னா எடுத்துடுவோம். அப்புறம் எந்தப் பெட்டியும் அதை ஓட்டாது. ஆனா அந்த ஒருத்தர் நிஜமா இருக்கணும் மேடம்.”

“இருக்காரு” என்றாள் ஜெசிந்தா. அதைச் சொல்லும்போது அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

புதுச் சில்லு பழையவற்றைவிடப் பலமடங்கு வேகமானது. அந்த வேகம் சிப்பிக்கு ஆகாது. ‘ச’ தாமதமாக வர வேண்டுமே. அதற்காக நிரலுக்குள் அவள் சில வரிகள் எழுதி வைத்திருந்தாள். அவை எந்த வேலையும் செய்யாது, சும்மா காத்திருக்கும், அவ்வளவுதான். பழைய நிரலைப் புதுச் சில்லுக்கு மாற்றித் தரும் கருவியில் போட்டு, தன் குரலில் நாலு வாக்கியம் படித்துச் சோதித்துவிட்டு, அவள் பதிப்பை வெளியிட்டாள். மறுநாளே நாச்சிமுத்துவின் பதில் வந்துவிட்டது.

“அருமைங்க. தண்ணி சோன்னு விழுகறது அச்சுப் பிசகாம பழைய மாதிரியே கேக்குது.”

அடுத்த வாரம், பழைய சிப்பி தரும் துடிப்பையும் புதுச் சிப்பி தரும் துடிப்பையும் திரையில் மேலும் கீழுமாக வைத்துப் பார்த்தபோதுதான் ஜெசிந்தாவுக்குத் தெரிந்தது. ‘ச’ தாமதமில்லாமல் வந்து நின்றது. மாற்றித் தரும் கருவி, வேலை செய்யாத வரிகள் எதற்கு என்று அவள் காத்திருக்கச் சொன்ன இடத்தையெல்லாம் தூக்கி எறிந்திருந்தது. நிரல் கெட்டிக்காரத்தனமாகச் சரியாகிவிட்டிருந்தது. சிப்பியில் கேட்கிற யாருக்கும் இந்நேரம் மனைவி மக்கள் குரலெல்லாம் மாறிப்போயிருக்கும்.

நாச்சிமுத்துவின் பதிலை மறுபடி எடுத்துப் படித்தாள். ‘சோன்னு விழுகறது அச்சுப் பிசகாம.’ ‘சோ’வில் இருப்பதே அந்தச் ‘ச’தான். வேறு எந்தச் சத்தத்தைச் சொல்லியிருந்தாலும் அவள் நம்பியிருப்பாள்.

ஒரு கடிதம் எழுதிக் கேட்டிருக்கலாம். அதற்கும் அழகாக ஒரு பதில் வரும் என்று தோன்றியது. துறைமுகத்தில் லீவு சொல்லிவிட்டு, மதுரையில் வண்டி மாறி, உடுமலையில் இறங்கிப் பஸ் பிடித்தாள்.

அணைக்குக் கீழே, மதகில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் சிலருடைய வீடுகள் இருந்தன. விசாரித்ததும் ஓட்டு வீடு ஒன்றைக் கைகாட்டினார்கள். வாசலில் உயரமான ஒரு மனிதர் முதுகைக் காட்டியபடி மாதுளைச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். காதுக்குப் பின்னால் பெட்டி இருந்தது. புதுப்பெட்டிதான்.

“அண்ணாச்சி” என்றாள் ஜெசிந்தா. அவர் திரும்பவில்லை. சத்தமாகக் கூப்பிட்டாள். திரும்பவில்லை. குறுகலான பாதையில் பால் வண்டி ஒன்று வந்து, அவள் விலகி நிற்பதற்குள் காதைப் பிளக்கிற மாதிரி ஹாரன் அடித்தது. வேலியில் இருந்த மைனாக்கள் பறந்தன. நாச்சிமுத்து நிதானமாக அடுத்த செடிக்கு நகர்ந்தார்.

ஜெசிந்தா அங்கேயே நின்றாள். அணையில் மதகு திறந்திருந்தது. அந்த இரைச்சல் நிலத்தில் காலூன்றி நிற்பவர்களின் நெஞ்சுவரை அதிர்ந்தது.

திரும்பியபோதுதான் அவர் அவளைப் பார்த்தார். அவசரமாகச் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டினார். எதிரே நிற்பவர் பேசுவதை எழுத்தாக ஓட்டிக் காட்டும் கண்ணாடி.

“யாருங் அம்மிணி?” குரல் தேவைக்கு மேல் சத்தமாக வந்தது.

“தூத்துக்குடி. ஜெசிந்தா.”

எழுத்து ஓடி முடிந்திருக்க வேண்டும். அவர் கையிலிருந்த குழாய் கால்மேல் தண்ணீரைக் கொட்டியது. அதைக்கூடக் கவனிக்காமல் நின்றார். பிறகு, “உள்ள வாங்” என்றார்.

சொம்பில் தண்ணீர் கொடுத்தார். நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அவள் உட்காரவில்லை.

“எத்தன நாளா அண்ணாச்சி?”

“நாலஞ்சு பதிப்பு இருக்குமுங்.” தலையைக் குனிந்துகொண்டார். “உள்ள இருக்கற கம்பி செத்துப்போச்சு. ஒரு நா காலைல எந்திரிச்சா ஒண்ணுமே இல்லீங். எடுத்துட்டுப் புதுசு வெக்கலாமின்னு கோயமுத்தூர் போனனுங். உள்ள எலும்பு வளந்து மூடிப்போச்சு, இனி ஒண்ணும் பண்ண முடியாதுன்னுட்டாங்க. பெட்டிய மட்டும் விட மனசில்லாம, புதுசு வந்தா அதையும் வாங்கி மாட்டிக்கிட்டுத் திரியறனுங்.”

“அப்ப மயிலு? தகரம்?”

“மயில் வந்துச்சுங். கழுத்த நீட்டுனத பாத்தனுங். அது எப்பிடிக் கேட்டிருக்குமின்னு நெனச்சுப் பாத்தேன்.”

“நெனச்சுப் பாத்தீங்களா! நான் ஒரு வாரம் சாப்பாடு தண்ணி இல்லாம அந்த மயில் பின்னால அலைஞ்சேன் அண்ணாச்சி. இல்லாத தப்பத் தேடுனேன். உங்க ஒருத்தர் காதுக்காகத்தான நான் உக்காந்து இத இழுத்துட்டுக் கெடக்கேன்?” அவள் குரல் உடைந்தது. அவருடைய கண்ணாடிக்கு அது தெரியாது, வார்த்தையை மட்டும் ஓட்டியிருக்கும். ஆனால் அவர் கண்ணாடிக்கு மேலே அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“தெரியுமுங். அதனாலதான் சொல்ல முடியல.” அவள் உட்காராத நாற்காலியில் கையை ஊன்றிக்கொண்டார். “எம்பட பையன் வருவான், பக்கத்து வூட்டுக்காரங்க வருவாங்க. கண்ணாடியப் போடு, கண்ணாடியப் போடும்பாங்க. அவங்க சொல்றது எனக்குப் புரியோணும். அது போதும் அவங்களுக்கு. வார்த்தை வருதுங் அம்மிணி, சத்தம் வர்றதில்ல. நீங்க ஒருத்தர்தான் கடைசில ஒரு வரி போட்டு, உனக்கு என்ன கேட்டுதுன்னு கேட்டீங்க. ஒண்ணும் கேக்கலீன்னு எழுதிட்டா அப்பறம் நீங்க எதுக்குக் கேக்கப் போறீங்க?”

ஜெசிந்தாவின் கோபம் எங்கேயும் போகவில்லை. ஆனால் அதை இறக்கி வைக்க அந்த வீட்டில் இடமில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றாள். அவர் பாதை முனைவரை கூட வந்தார்.

“இனி எழுத வேண்டாமுங்ளா?” என்று கேட்டார்.

பஸ் வந்துவிட்டது. அவள் ஏறிக்கொண்டாள்.

ஊர் திரும்பியதும் முதல் வேலையாக நஸ்ரினைக் கூப்பிட்டு உள்ளதைச் சொன்னாள்.

“இதை நீங்க சொல்லாமலே இருந்திருக்கலாம் மேடம்” என்றாள் நஸ்ரின்.

“இருந்திருக்கலாம். நிஜமா இருக்கணும்னு நீதானம்மா சொன்ன.”

“அப்போ நோட்டீஸ் போடணும். சிப்பி ஓடற பெட்டி எங்கயாவது இருந்தா, இந்த மாசக் கடைசியோட நிறுத்தப்படும்னு அந்தப் பெட்டியே சொல்லும். யாரும் வரலைன்னா எடுத்துடுவோம். சாரி மேடம்.”

அன்றைக்கு ஜெசிந்தா கணினியின் முன்னால் வெகுநேரம் வெறுமனே உட்கார்ந்திருந்தாள். லம்பர்ட் அழைத்தான். நடந்ததைக் கேட்டுவிட்டு, “நல்லதுதான்க்கா. இனியாவது விடு. எங்கயாவது போ, நாலு மனுசர்களப் பாரு” என்றான்.

“அந்தச் ‘ச’ இன்னும் சரியாகாமக் கெடக்குல.”

“யாரு கேக்கப் போறா?”

“யாரும் கேக்கப் போறதில்ல. அதுக்காக அப்படியே போட்டுட்டா போக முடியும்? நாளைக்கே சிப்பிய எடுத்தாலும் அது சிப்பியாத்தான போகணும்?”

லம்பர்ட் சிரித்தான். “நீ மாற மாட்டக்கா” என்று வைத்துவிட்டான். அவன் ஒரு காலத்தில் கேட்ட ‘ச’ அது என்பது அவனுக்கு ஞாபகம் இருந்ததாகத் தெரியவில்லை.

மாற்றித் தரும் கருவி தூக்கி எறிய முடியாதபடி அந்தக் காத்திருப்பை வேறு விதமாக எழுதினாள். பழைய துடிப்பும் புதுத் துடிப்பும் ஒன்றன்மேல் ஒன்று படிந்தன. பதிப்பை வெளியிட்டாள். கீழே வழக்கமாக எழுதும் வரியை எழுதப் போய், கையை எடுத்துக்கொண்டாள். யாரைக் கேட்பது?

மாதம் முடிய இருந்தபோது ஒரு கடிதம் வந்தது. அனுப்பியவர் யோகராணி, கூடலூர்.

“வணக்கம். பெட்டி நின்னு போகும்னு பெட்டிக்குள்ளேயே சொல்லுச்சு. பயந்து போய் ஆள விட்டு இந்த விலாசத்தக் கண்டுபிடிச்சேன். நான் சின்னதுலேருந்து சிப்பிலதான் கேக்குறேன். நிறுத்திராதீங்க. நடுவுல என் பொண்ணுங்க குரல் யாரோ மாதிரி ஆயிப்போச்சு. என் காதுதான் போச்சுன்னு நெனச்சு யாருகிட்டயும் சொல்லல. இப்ப திரும்ப வந்துருச்சு.”

ஜெசிந்தா அதை நம்பவில்லை. நம்ப வேண்டும் என்று மனம் பரபரத்த அளவுக்குச் சந்தேகமும் வந்தது. இவ்வளவு கச்சிதமாக, இவ்வளவு நேரம் பார்த்து வருகிற கடிதத்தை எழுதத் தெரிந்த ஒரு மனிதரை அவள் இந்த மாதம்தான் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். நாச்சிமுத்துவுக்கு ஒரே வரி எழுதினாள்: “கூடலூர் யோகராணி நீங்களா?”

பதில் உடனே வந்தது. “சத்தியமா நான் இல்லீங்க. அவங்களுக்கு என்னென்ன கேக்குதுன்னு கேளுங்க. கேட்டா தெரிஞ்சுபோயிரும்.”

கேட்டாள். எல்லாம் நன்றாக இருக்கிறது என்று வந்தால் அது பொய் என்று முடிவு செய்துவைத்திருந்தாள்.

யோகராணி எழுதினாள்: “சொன்னா தப்பா எடுத்துக்காதீங்க. ‘ச’ நல்லா இருக்கு. ஆனா ரெண்டு பேரு ஒரே நேரத்துல பேசினா ரெண்டாவது ஆளு தொலஞ்சு போறாங்க. எனக்கு ரெண்டு பொண்ணுங்க. ரெண்டும் சேந்துதான் கத்தும். பழைய பெட்டியில ரெண்டு பேரும் கேக்கும். புதுசுல பெரியவ மட்டும்தான் கேக்குறா. சின்னவ வாய மட்டும் அசைக்கிறா. அவ அதுக்கு அழுறா.”

ஜெசிந்தா நிமிர்ந்து உட்கார்ந்தாள். இரண்டு குரல். சிப்பியை எத்தனையோ சில்லுக்கு மாற்றியிருக்கிறாள். எல்லாச் சோதனையிலும் அவள் பேசியிருக்கிறாள், அவள் மட்டும் பேசியிருக்கிறாள். அந்த வீட்டில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசி எத்தனையோ காலம் ஆகிவிட்டது. அப்படி ஒன்றைச் சோதிக்க வேண்டும் என்றே அவளுக்குத் தோன்றியதில்லை. ஆரம்பத்தில் பலர் சேர்ந்து வேலை செய்தபோது, யாராவது எங்காவது குறுக்கே பேசி, அது தானாகச் சோதனையாகியிருக்கும்.

இது கற்பனையில் எழுத முடியாத குறை. இருந்தால் உண்மை, இல்லாவிட்டால் பொய். பார்த்துவிட்டால் தெரிந்துவிடும். ஆனால் அதற்கு இன்னொரு குரல் வேண்டும். சோதனைக்கென்று பதிவு செய்து வைத்திருந்ததெல்லாம் அவள் குரல்தான். ஆக்லாந்தில் இப்போது லம்பர்ட் தூங்கிக்கொண்டிருப்பான். ஜெசிந்தா நஸ்ரினுக்குச் செய்தி அனுப்பினாள், ஒருத்தர் நிஜமாகவே இருக்கிறார் என்று. பிறகு அமராவதிக்கு ஃபோன் செய்தாள். ஃபோன் அடிப்பது அவருக்கு எப்படித் தெரியும் என்று யோசிப்பதற்குள் எடுத்துவிட்டார்.

“சொல்லுங் அம்மிணி. கண்ணாடி போட்டிருக்கறனுங், உங்க பேரு அதுல ஓடுச்சு.”

“அண்ணாச்சி, கண்ணாடியக் கழட்டுங்க.”

“ஏனுங்?”

“போட்டிருந்தா நான் பேசி முடிக்கட்டும்னு மரியாதைக்கு நிப்பீங்க. எனக்கு அது வேண்டாம். நானும் பேசுவேன், நீங்களும் பேசணும். ரெண்டு பேரும் ஒரே நேரத்துல. கூடலூர்ல ஒரு சின்னப் பிள்ளைக்கு வேணும். அப்பறம் விவரமா எழுதுதேன்.”

“என்ன பேசறதுங்?”

“என்னத்தையாவது. நெனச்சுப் பாத்ததையெல்லாம் எழுதுவீங்கள்ல, அதையே சொல்லுங்க.”

கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைக்கும் சத்தம் கேட்டது. அதன்பிறகு அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஆளரவமில்லாத இடத்தில் பேசுகிற மாதிரி உரக்க ஆரம்பித்தார். காலையில் அணைக்குமேல் மேகம் இறங்கியிருந்ததாம். மதகு திறந்ததும் கொக்குகள் வந்து உட்கார்ந்தனவாம். ஜெசிந்தாவும் தொடங்கினாள். துறைமுகத்தில் இன்றைக்குப் பெரிய கப்பல் ஒன்று வந்தது, அதன் சங்கு ஊர் முழுக்கக் கேட்டது, உப்பளக்காற்று முகத்தில் பிசுபிசுக்கிறது, மதியம் சாளை மீன் வாங்கினேன், ஒரு ஆளுக்கு அது அதிகம். இரண்டு குரலையும் சிப்பிக்குள் விட்டுப் பார்த்தாள்; திரையில் ஒரு துடிப்புதான் ஓடியது. அவருடையது மட்டும். அவள் குரல் அதில் எங்குமே இல்லை. யோகராணி சொன்னது நிஜம்.

சோதனைக்கு வேண்டிய அளவு எப்போதோ பதிவாகிவிட்டது. அவர் நிறுத்துவதாகத் தெரியவில்லை. அவளும் நிறுத்தவில்லை.